எண்ணெய் குடித்த பூதம்

இடம்பெயர்ந்து வன்னிக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டாரும் எதையோ விட்டுவிட்டு எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பெரியம்மா ஆறு தலையணை உறைகள் கொண்டுவந்தா. தலையணை ஒன்றுகூட இல்லை. பெரியப்பா அரிசிச் சாக்குக்குள் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அரிசி இல்லை. அம்மா என்னைக் கொண்டுவந்தா. மூவரில் ஆருக்குக் கூடுதல் நட்டம் என்பதைப் பற்றி அம்மாவுக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

தண்ணீரூற்றில் ஒரு மாமரத்து வளவில் கொட்டில் போட்டு நாலு பேரும் இருந்தோம். எனக்குப் பத்து வயது. பெரியம்மா பழைய சீலைகளைக் கிழித்து உறைகளுக்குள் அடைத்துத் தலையணை ஆக்கினா. எல்லா உறைகளின் ஓரத்திலும் அவா கையால் தைத்த பூவேலை இருந்தது. என்னுடையதில் நீளமாக ஒரு பின்னல் வளைந்து போகும். அதன்மேல் முத்து முத்தாக நூல் முடிச்சுகள். பார்க்க வடிவுதான். ஆனால் கன்னத்தை வைத்துப் படுத்தால் விடிய எழும்பும்போது முகத்தில் வரிசையாகப் புள்ளி பதிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு அம்மை போட்டிருக்கிறதாக ஒரு கதை கொஞ்சக் காலம் உலாவியது.

இனிப் புத்தகம். பெரியப்பா இளந்தாரியாக இருந்த காலத்தில் கிழமைப் பத்திரிகை ஒன்றில் வந்த மாயாஜாலத் தொடர்கதையை வாரா வாரம் வெட்டி எடுத்து, சிவப்பு மட்டை போட்டுக் கட்டுவித்து வைத்திருந்தார். கதையில் முதல் இரண்டு அத்தியாயம் இல்லை, கடைசி அத்தியாயமும் இல்லை. அதைப்பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை, ஏனென்றால் கதையை வாசித்தவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் பார்த்தது படங்களை. அதிலும் நடுவில் வரும் முழுப்பக்கப் படத்தை.

அன்னத்தின் கழுத்துப்போல் முகப்பு வளைந்த ஒரு பாய்க்கப்பல். முகப்பில் விளக்கோடு ஓர் இளவரசி. முழங்கால் வரைக்கும் தொங்கும் பின்னல், பின்னலில் முத்துகள். அவளுக்கு முன்னால் கடலைப் பிளந்துகொண்டு நெஞ்சளவுக்கு எழும்பி நிற்கும் பூதம். செதில் செதிலாக உடம்பு, அலையே தலைமயிர், எந்தப் பக்கம் போய் நின்றாலும் எங்களையே பார்க்கும் கண். எல்லாம் வெறும் கறுப்பு மையால் கீறியது. ஆனால் பூதம் என்ன நிறம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். நான் பச்சை என்பேன். அம்மா மண்ணிறம் என்பா. நாங்கள் அத்தனை பேரும் பார்த்தது ஒரே கறுப்புக் கோடுகளை. அந்தக் கோடுகளைக் கீறினவர் ஆர் என்று கேட்டால் பெரியப்பாவுக்கே தெரியாது. மூலையில் ஒரு சின்னச் சுழி போட்டிருந்தார், அவ்வளவுதான்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் படம் பார்க்கும் நேரம். பெரியப்பா கூட்டுறவுக் கடை மனேச்சர். சாமானே இல்லாத கடைக்கு மனேச்சராக இருந்ததால் அவருக்கு ஒழுங்குகள் போட நிறைய நேரம் இருந்தது. கை கழுவ வேண்டும். துவாயில் துடைக்க வேண்டும். வாங்கின்மேல் வேட்டித் துண்டு விரித்து அதன்மேல் புத்தகத்தை வைப்பார். தாளை விரலால் தட்ட விடமாட்டார். ஒரு பழைய தபாலட்டையை ஓரத்தில் செருகித்தான் புரட்டுவார். பக்கத்து வளவுப் பெடியன் ஒரு நாள் மூக்கைத் துடைத்த விரலால் பூதத்தின் பல்லைத் தொட்டுவிட்டான். அன்றைக்கே தள்ளிவைக்கப்பட்டான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிப் பொட்டுக்குள்ளால் அவனுடைய ஒரு கண் மட்டும் தெரியும். பூதத்தின் கண்ணைவிட எனக்குப் பயம் தந்தது அந்தக் கண்தான். நாளைக்கு நானும் அந்த வேலிக்கு அங்கால் நிற்கவேண்டி வந்தால்?

எங்கள் வீட்டுக்கு ஒழுங்காக வரும் இன்னொரு ரசிகர் மீன்கார அண்ணை. முல்லைத்தீவுக் கரையில் இருந்து சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லை. காலமை பூசைக்குப் போய்விட்டு, பின்னேரம் தோய்த்த சேட்டோடு வருவார். அவருக்குப் பூதத்தோடு ஒரு பிரச்சினையும் இல்லை. கப்பலோடுதான்.

"மனேச்சர், நான் போன கிழமையும் சொன்னனான். கொடி இந்தப் பக்கம் பறக்குது. பாய் அந்தப் பக்கம் புடைக்குது. ஒரே காத்து எப்பிடி ரெண்டு பக்கம் அடிக்கும்?"

"அது பூதம் மூச்சு விடுது ஐசே. கொடிக்குக் கடல்காத்து, பாய்க்குப் பூதத்தின்ர மூச்சு."

"அப்ப அவ்வளவு காத்துக்கும் விளக்கு ஏன் நூரேல்லை?"

"அவள் இளவரசியெல்லோ!"

இப்படிப் போகும். ஒரு நாள் பின்னலில் எத்தனை முத்து என்று வந்துவிட்டது. பெரியப்பா பதினைந்து என்றார். அண்ணை பதினெட்டு என்றார். இரண்டு பேரும் எண்ணத் தொடங்கும் முன்னமே குசினிக்குள் இருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"பதினேழு."

எண்ணிப் பார்த்தார்கள். பதினேழுதான். பெரியம்மா அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றதை ஒருவரும் கண்டதில்லை. "கோதாரிப் பூதம்" என்று சொல்லிக்கொண்டு சுளகோடு தாண்டிப் போவா, அவ்வளவுதான். பெரியப்பா சிரித்தார். "எங்கட கதையைக் கேட்டுக் கேட்டே அவவுக்குப் பாடமாப் போச்சு."

என் பிரச்சினை பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. புளியமரத்தின் கீழ் நடந்த எங்கள் வகுப்பில் நான் பூதத்தைப்பற்றி அளவுக்கு மிஞ்சி அளந்துவிட்டேன். செதில் எத்தனை, பல் எத்தனை என்றெல்லாம். முன் வாங்கில் இருந்தவன் திரும்பி, "கொண்டுவந்து காட்டன் பாப்பம். உன்ர பூதம் உன்னைப்போலத்தான் இருக்கும்" என்றான். வகுப்பு சிரித்தது. புத்தகம் வளவை விட்டு வெளியே போகாது. எனவே திங்கட்கிழமைக்குள் பூதத்தின் பிரதி ஒன்று எனக்கு வேண்டும்.

வழி எனக்குத் தெரிந்திருந்தது. கொப்பித் தாளில் தேங்காயெண்ணெய் பூசினால் தாள் கண்ணாடிபோல் ஆகும். அதைப் படத்தின்மேல் வைத்துக் கீழே தெரிவதை அப்படியே பென்சிலால் கீறலாம். எண்ணெயை நன்றாக ஒற்றி எடுத்துத் தாளைக் காயவிட வேண்டும் என்பதும் அந்த வித்தையில் ஒரு பகுதி. அந்தப் பகுதியை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, அல்லது சொன்ன நேரம் நான் பூதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பெரியப்பா கடையில். அம்மாவும் பெரியம்மாவும் கிணற்றடியில். சாக்குக்குள் இருந்து புத்தகத்தையும், அம்மா தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்தேன். அந்த நாட்களில் எங்கள் கொப்பித் தாள்கள் தடித்த பழுப்புத் தாள்கள். கொஞ்ச எண்ணெய்க்கு மசியவில்லை. இன்னும் விட்டேன். இன்னும் கொஞ்சம். பிறகு அதைப் பூதத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன்.

என்ன சொல்ல! பூதம் தெரியத் தொடங்கியது. முதலில் கண், பிறகு பல், பிறகு ஒவ்வொரு செதிலாக. பார்க்கப் பார்க்க வரவரத் தெளிவாக வந்தது. வித்தை இவ்வளவு நன்றாகப் பலிக்கிறதே என்று நான் புளகித்துப்போய் இருந்தேன். படம் தெளிந்துகொண்டு வந்ததன் காரணம், எண்ணெய் மேல்தாளை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது என்பது தாளைத் தூக்கின பிறகுதான் விளங்கியது. என் கொப்பித் தாள் ஓரளவுக்குக் காய்ந்திருந்தது. பூதம் நனைந்திருந்தது. பூதம், கப்பல், இளவரசி, கடல், எல்லாம். பின்பக்கத்துக் கதை எழுத்துகள் பூதத்தின் வயிற்றுக்குள்ளால் தலைகீழாக அல்ல, இடம்வலம் மாறித் தெரிந்தன. விழுங்கினவர்களின் பெயர்ப்பட்டியல்போல.

பென்சில் என் காதில் செருகினபடியே இருந்தது. அதை நான் எடுக்கவேயில்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். அன்றைக்கு நான் வைத்திருக்கவில்லை.

பயம் வந்தால் மனிதருக்கு மூளை வேலைசெய்யாது என்பார்கள். எனக்கு அப்படியில்லை. என் மூளை மிக வேகமாக வேலைசெய்தது, பிழையான திசையில். எண்ணெயை இடித்த மா குடிக்கும் என்று தெரியும். மா குசினியில் உயரத்தில் இருந்தது. கைக்கு எட்டினது சாமிப்படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றுக் கிண்ணம். ஒரு கல்லில் இரண்டு காரியம்: எண்ணெயும் போகும், கடவுளும் பார்ப்பார். ஒரு கை நிறைய அள்ளிப் பூதத்தின்மேல் தூவித் தேய்த்தேன். எண்ணெய் போகவில்லை. பூதத்துக்கு நெற்றியிலும் நெஞ்சிலும் திருநீறு பட்டைபட்டையாக ஒட்டிக்கொண்டது. கோயில் திருவிழாவில் வாகனம் தூக்க வந்த பெரியவர்போல் பக்தியோடு என்னைப் பார்த்தது.

சேட்டால் துடைத்தேன். ஊதினேன். வெயிலில் காட்டினேன். தாள் நெளிந்தது. கிணற்றடியில் வாளி வைக்கிற சத்தம் கேட்கப் புத்தகத்தை மூடிச் சாக்குக்குள் வைத்துவிட்டு, பாயில் விழுந்து காய்ச்சல்காரன்போல் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. "காய்ச்சல் இல்லை. என்னத்தையோ உடைச்சுப்போட்டான்" என்று பெரியம்மாவிடம் சொன்னா.

அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிவரைக்கும் நான் மூன்று தரம் ஊரைவிட்டு ஓடத் திட்டம் போட்டேன். ஒட்டுசுட்டான் வரைக்கும் நடந்துபோய் அங்கே காட்டுக்குள் இருக்கலாம் என்பது ஒன்று. யானை இருக்கும் என்று ஞாபகம் வந்ததும் கைவிட்டேன். மற்ற இரண்டும் இதைவிட மோசம்.

நாலு மணி. கை கழுவல், துவாய், வேட்டித் துண்டு, தபாலட்டை. மீன்கார அண்ணை தோய்த்த சேட்டோடு குந்தியிருந்தார். வேலியில் அந்த ஒற்றைக் கண். நடுப்பக்கம் வருவதற்கு முன்னமே பெரியப்பா மூக்கை உறிஞ்சினார்.

"ஆற்றையோ தலைமயிர் மணக்குது."

பிறகு தாளைப் புரட்டினார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தபாலட்டை கையில் இருந்தபடி, கடையில் சாமான் வந்த லொறி எரிந்ததைப் பார்க்கிறவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன்கார அண்ணைதான் முதலில் அசைந்தார். வேட்டித் துண்டோடு சேர்த்துத் தாளை மெல்ல நிமிர்த்தி மேற்கு வெயிலுக்குப் பிடித்தார்.

"அட, இஞ்ச பாருங்கோ மனேச்சர். எண்ணெயில ஊறினாப்போல எல்லாம் தெரியுது. இதில ஆரோ அழுத்திக் கீறியிருக்கினம். தடம் கிடக்குது."

உண்மைதான். வெயில் பட்டதும், எண்ணெய் குடித்த தாளில் நூல்போல மெல்லிய பள்ளங்கள் மினுங்கின. ஏதோ கூரான ஒன்றால் கோட்டின்மேல் கோடு வைத்து இழுத்த தடங்கள்.

"ஆர்?" என்றார் பெரியப்பா.

அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் நான் ஏற்கெனவே சொல்லத் தொடங்கிவிட்டேன். எண்ணெய் நான்தான். திருநீறு நான்தான். கொப்பித் தாள் கிழித்தது நான். போன மாதம் பானை உடைந்தது பூனையால் இல்லை, நான். பனங்கட்டி குறைந்தது எறும்பால் இல்லை. கேளாத கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டே போனேன். அம்மா வாயில் கை வைத்தபடி நின்று பனங்கட்டிக் கணக்கைக் கவனமாகக் கேட்டா.

"கீறினதும் நீதானோ?" பெரியப்பா அந்தத் தடங்களைக் காட்டினார்.

அந்தத் தாளில் என்ன பிழை இருந்தாலும் அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றியது. "ஓம் பெரியப்பா" என்றேன்.

குசினிக்குள் ஒரு மூடி விழுந்து உருண்டு போய்ச் சுவரில் முட்டி அடங்கியது.

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. மீன்கார அண்ணை தாளை இன்னும் கிட்டப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அவருடைய முழுத் தோள்களும் குலுங்கின.

"மனேச்சர், பூதத்தில ஒரு கீறலும் இல்லை! கப்பலிலயும் இல்லை. பெடியன் பொம்பிளையை மட்டுமெல்லோ கீறியிருக்கிறான்! பாருங்கோ, பின்னல், தோடு, காப்பு... முத்து ஒண்டையும் விடேல்லை. பத்து வயசிலயே இப்பிடியெண்டால், நீங்கள் இப்பவே ஒரு பொம்பிளை பாத்து வையுங்கோ."

வேலிக்கு அங்கால் இருந்து சிரிப்புக் கேட்டது.

என் வாழ்க்கையில் நான் பட்ட அவமானங்களை வரிசையில் நிறுத்தினால் அதுதான் இன்றைக்கும் முன்னுக்கு நிற்கும். "இல்லை! நான் பூதத்தைத்தான்..." என்று கத்தினேன். "பூதத்தைத்தான் கீற நினைச்சனான்!"

"அப்ப கை தன்ரபாட்டில அங்கால போட்டுதாக்கும்" என்றார் அண்ணை.

இளவரசியை நான் தொடவேயில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் ஓம் என்று சொல்லிவிட்டேனே. சொன்னதை மாற்றினால் பொய்யன்; மாற்றாவிட்டால் இளவரசிக்காரன். இளவரசிக்காரனாகவே அழுதேன்.

அந்த நேரம்தான் பெரியம்மா குசினியை விட்டு வெளியே வந்து, ஒருநாளும் வராத அந்த வாங்கடிக்கு வந்தா. கையில் மூடி. முகம் அடுப்படி வெக்கையில் சிவந்திருந்தது.

"விடுங்கோப்பா. சின்னப்பிள்ளை. வடிவான படத்தைப் பாத்தால் ஆசை வரும்தானே. ஆசையில கீறினால் என்ன, படம் ஓடியே போட்டுது?"

பெரியப்பா அவவை நிமிர்ந்து பார்த்தார். "கோதாரிப் பூதமெண்டு சொல்லுறனீர்."

"பூதம் கோதாரிதான்" என்றா பெரியம்மா. "பிள்ளையைப் பேசாதேங்கோ."

பொங்கல்வரைக்கும் என்னைத் தள்ளிவைக்க நினைத்திருந்த பெரியப்பா, ஒரு மாதத்துக்கு இறங்கினார். பெரியம்மா இவ்வளவு நேரம் நின்று ஒருவருக்காகக் கதைத்ததை நான் கண்டதில்லை. அவவுக்கு என்னில் இவ்வளவு விருப்பமா என்று அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்கே, மீன்கார அண்ணை போன பிறகு, பெரியம்மா என்னைக் கோழிக்கூட்டடிக்குக் கூப்பிட்டா. எனக்கு இரண்டு பனங்காய்ப் பணியாரம் தந்தா. ஒன்று அவாவுடைய பங்கு. பிறகு இடுப்பில் செருகியிருந்த ஒன்றை எடுத்து விரித்தா. நாலாக மடித்த நீலக் காபன் தாள். அவாவின் றங்குப்பெட்டியின் அடியில் கிடந்திருக்க வேண்டும். பூச்சி உருண்டை மணம் அடித்தது. வன்னிக் கடைகளில் அந்த நாட்களில் காபன் என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்.

"எண்ணெய் வேண்டாம் ராசா. படத்துக்குக் கீழ இதை வைச்சு, இதுக்குக் கீழ வெறுந்தாளை வைக்க வேணும். மேலால மெள்ளக் கீறு. அழுத்தாத, தடம் விழும்." காபனை என் கையில் வைத்துவிட்டு, "பெரியப்பாவுக்குச் சொல்லாத" என்றா.

திங்கட்கிழமை விடிய, பெரியப்பா கடைக்குப் போனதும், தள்ளிவைக்கப்பட்ட எனக்குப் பெரியம்மாவே சாக்கில் இருந்து புத்தகத்தை எடுத்துத் தந்தா. தண்டனை முதலே கிடைத்துவிட்டது, குற்றத்தைப் பிறகு செய்தால் பாதகமில்லை என்று எனக்கும் பட்டது. அவா தாளின் மூலைகளை விரல்களால் பிடித்துக்கொண்டிருக்க, நான் பூதத்தைக் கீறினேன். பென்சிலை எங்கே வைத்தால் கோடு வழுக்கும், எந்தப் பக்கம் சரித்துப் பிடித்தால் வழுக்காது என்றெல்லாம் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தா. இதெல்லாம் இவவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பெரியாக்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பின வயது.

பூதம் நீலமாக வந்தது. ஆனால் சரியாக வரவில்லை. காபன் புதிதில்லை, ஆரோ ஏற்கெனவே பாவித்து மை போன தாள். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். மை போன இடமெல்லாம் வெள்ளையாக, வளைந்து வளைந்து கோடுகள், சின்னச் சின்ன வட்டங்கள். என் பூதத்தின் நெஞ்சின் குறுக்கே அந்த இடங்களில் கோடு பிடிக்கவேயில்லை. தோளில் இருந்து இடுப்பு வரைக்கும் வெறும் வட்டங்களாக ஒரு கயிறு தொங்கினமாதிரி இடைவெளி.

காபனோடு சேர்த்து மடித்துக் கொண்டுபோய் வகுப்பில் காட்டினேன். முன் வாங்குக்காரன் கனநேரம் பார்த்தான். பூதத்தின் பல்லுக்கு மரியாதை கொடுத்தான். அதை நான் மறக்கவில்லை. பிறகு நெஞ்சில் விரல் வைத்து அந்த வெள்ளை வட்டங்களை எண்ணினான்.

"பதினேழு. என்னடா இது, உன்ர பூதத்துக்கு மாலை போட்டு வைச்சிருக்கிறாய்?"

"இல்லையடா" என்றேன் எரிச்சலோடு. "எங்கட பெரியம்மா எனக்குப் பழுதான காபனைத் தந்துபோட்டா. பெரியாக்கள் எப்பவும் இப்பிடித்தான், பாவிச்சுப்போட்டு மிச்சத்தைத்தான் எங்களுக்குத் தருவினம்."

அவன் அந்த வட்டங்களையும் என் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கும் விடிய எழும்பின அவசரத்தில் முகம் கழுவாமல் வந்திருந்தேன். தலையணையின் முடிச்சுகள் கன்னத்தில் வரிசையாகப் பதிந்திருந்தன. அதை உள்ளங்கையால் தேய்த்து அழித்துவிட்டு, காபனைக் கசக்கிப் புளியமரத்தடியில் எறிந்தேன்.